கழிப்பறையில் விறகு அடுக்கியிருக்கும் ஊரில் டிசைன் திங்கிங் என்ன செய்யும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தை நடத்துகிறார். சில கிராமங்களில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பல வீடுகளில் அதற்குள் விறகும் வைக்கோலும் அடுக்கியிருக்கிறது. நிதி தரும் கம்பெனியின் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணி) அதிகாரியோ, "அடுத்த ஆண்டு புதுமையாக ஏதாவது செய்யுங்கள், அதற்கு முன் உங்கள் ஆட்களை டிசைன் திங்கிங் பயிற்சிக்கு அனுப்புங்கள்" என்கிறார். மக்களைக் கவனித்து, சிறிய மாதிரிகளைச் செய்துபார்த்துத் தீர்வு தேடும் முறை அது. நகரத்து ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி. எங்களைப் போன்றவர்களுக்கு இது உண்மையில் உதவுமா, இல்லை, வந்துபோகும் இன்னொரு மோஸ்தர்தானா என்று கேட்கிறார்.

உதவும். ஆனால் அந்த ஓட்டல் பயிற்சியைப் பொறுத்து அல்ல. கிராமத்தில் நீங்கள் கண்டுபிடிப்பது எதுவோ, அதை வைத்து உங்கள் திட்டத்தின் செலவுத் தலைப்புகளை மாற்ற உங்களுக்கு அனுமதி உண்டா என்பதைப் பொறுத்து. அனுமதி உண்டென்றால், இந்த முறையின் பெயரே தெரியாமல்கூட அதன் பலனை அடைந்துவிடலாம். இல்லையென்றால், எத்தனை யோசனைகளை வண்ணச் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் கடைசியில் கட்டப்போவது அதே கழிப்பறையைத்தான். இனி எழுதுவதெல்லாம் இதற்கான விளக்கம்.

முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மக்களோடு இருந்து கவனிப்பது, பிரச்சினை எது என்று வரையறுப்பது, பல யோசனைகளைத் திரட்டுவது, மலிவான மாதிரி ஒன்றைச் செய்துபார்ப்பது, அதை மக்களிடம் கொடுத்துச் சோதிப்பது என்று ஐந்து படிகளாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனமும் பரப்பிய பாடம் இது. கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2009-இல் தொண்டு நிறுவனங்களுக்கென்றே ஐடியோ ஒரு கையேட்டை இலவசமாக வெளியிட்டது. 2011-இல் இந்த வேலைக்காகவே ஒரு தனி லாபநோக்கற்ற அமைப்பையும் தொடங்கியது.

அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு சம்பவம் ஹைதராபாத் பகுதியில் நடந்தது. நாந்தி அறக்கட்டளை அங்கே சுத்திகரிக்கப்பட்ட குடிநீரை மலிவாக விற்கும் நிலையம் நடத்தியது. தண்ணீர் நல்லது, விலையும் கட்டுப்படியாகும். ஆனாலும் ஒரு பெண் அந்தத் தண்ணீரை வாங்காமல், பக்கத்திலிருந்த போர் தண்ணீரைத்தான் தலையில் சுமந்து வந்தார். காரணத்தைத் தேடிப் போனால், நிலையத்தில் கொடுக்கும் கேன் ஏறத்தாழ 19 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் கேன். இடுப்பிலும் நிற்காது, தலையிலும் நிற்காது. கணவர் வேலை முடிந்து வருவதற்குள் நிலையம் மூடிவிடும். மாத அட்டை வாங்கினால் தேவை இருக்கிறதோ இல்லையோ தினமும் அந்த அளவுக்குப் பணம் கட்ட வேண்டும். குடம் சுமக்கும் யாரிடமாவது ஒரு காலை நேரம் பேசியிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும். டிசைன் திங்கிங் என்பது இந்த ஒரு காலை நேரத்தைத் திட்டத்துக்குள் கட்டாயமாக்கும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இந்தப் பெயர் பிரபலமாவதற்கு வெகு காலம் முன்பே, பாதிக்கு மேல் தமிழ்நாட்டிலேயே நடந்தது. நம் தெருமுனைகளில் இன்றும் நிற்கிற அடிபம்புதான் அது.

1960-களின் கடைசியில் வந்த கடும் வறட்சிக்குப் பிறகு, யுனிசெஃப் உதவியோடு கடினப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் இந்தியாவுக்கு வந்தன. கிணறு வற்றிய ஊர்களில் ஆழமான போர் போட்டார்கள். துளை நன்றாக இருந்தது. அதன் மேல் வைத்த பம்புதான் நிற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது பெரும்பாலான பம்புகள் பழுதாகிக் கிடந்தன. இப்படி ஒரு நிலையில் எல்லாருக்கும் சுலபமாக வாயில் வரும் காரணம் ஒன்று உண்டு: ஜனங்களுக்குப் பொறுப்பில்லை, இலவசமாகக் கொடுத்தால் உடைத்துத்தான் போடுவார்கள். உங்கள் கழிப்பறை விஷயத்தில் இதையே உங்கள் அலுவலகத்திலும் யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள்.

உண்மைக் காரணம் வேறு. அந்த வார்ப்பிரும்பு பம்பு ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணை வீடுகளில் இருந்ததைப் பார்த்துச் செய்தது. ஒரு குடும்பம் நாளில் சில தடவை அடிக்கும் என்ற கணக்கில் பிறந்தது. இங்கே விடியற்காலை வரிசை தொடங்கினால் இருட்டும்வரை ஓயாது. ஊரே அடிக்கும்; குழந்தைகள் தொங்கும். ஆழமும் அதிகம் என்பதால் கைப்பிடியில் விழும் பாரமும் அதிகம். எனவே மாற வேண்டியது ஜனங்களின் குணமல்ல, பம்பின் வயிறும் மூட்டும்தான்.

இதை முதலில் உணர்ந்து வேறு மாதிரி செய்து பார்த்தவர்கள் மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் தண்ணீர் வேலை செய்துகொண்டிருந்த மிஷன் அமைப்புகள். வார்ப்பிரும்பை விட்டு எஃகுக்கு மாறினார்கள். கைப்பிடிக்கு ஒரே அச்சு. உள்ளே இறங்கும் தண்டு கோணாமல் நேராக ஏறி இறங்குவதற்கு ஒரு சங்கிலி. யுனிசெஃப் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் என்ற அரசுத்துறை நிறுவனத்தோடு சேர்ந்து மேம்படுத்தியது. சோதனைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தைக் கவனியுங்கள்: கோயம்புத்தூர்ப் பகுதி. நிலத்தடி நீர் மிக ஆழத்தில் இருக்கிற, பம்புக்கு மிகக் கஷ்டமான இடம். அங்கே பிழைத்தால் எங்கும் பிழைக்கும். அதில் தேறியதுதான் இந்தியா மார்க் 2. 1979-இல் அதற்கு ஐ.எஸ். 9301 என்ற இந்தியத் தர நிர்ணயமும் வந்தது. யாரும் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்கவில்லை. தரம் சரியாக இருந்தால் எந்தப் பட்டறையும் செய்யலாம். லட்சக்கணக்கில் நாடெங்கும் நின்றது. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். பம்பு நல்லதாகிவிட்டது, பழுது பார்ப்பது யார் என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஊரில் ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு என்று மூன்று அடுக்கு ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் 1970-களில் செய்து பார்த்தார்கள். ஓரளவு ஓடியது. ஆனால் உள்ளே இருக்கிற ஒரு தோல் வாஷர் தேய்ந்தாலும் மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு முக்காலியும் ஆட்களும் வண்டியும் வர வேண்டும். வண்டி வரும்வரை பெண்கள் பழைய குட்டைக்கே நடக்க வேண்டும். ஆகவே 1980-களில் மறுபடியும் கோயம்புத்தூரிலேயே ஒரு நீண்ட களச் சோதனை நடந்தது. உள்குழாயை அகலமாக்கி, குழாயைக் கழற்றாமலே பிஸ்டனையும் அடி வால்வையும் மட்டும் மேலே இழுத்துவிடும் வடிவம் கிடைத்தது. அதுதான் மார்க் 3. ஊரிலேயே ஒருவர் சில சாமான்களோடு சரிசெய்துவிடலாம். அகலமான குழாய் கனம் கூடியது, விலையும் கூடியது, மிக ஆழத்துக்குச் சரிப்படவில்லை. மார்க் 2 அளவுக்கு அது பரவவில்லை. எது கிடைத்து எதை இழந்தார்கள் என்பதும் இந்தக் கதையில் வெளிப்படையாகவே இருக்கிறது. அதனால்தான் இதை நம்பிச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போன கதை தென்னாப்பிரிக்காவின் ப்ளேபம்ப். குழந்தைகள் விளையாடும் ராட்டினம். அது சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியில் விழும். தொட்டியின் நான்கு பக்கமும் விளம்பரப் பலகை; விளம்பர வருமானத்தில் பராமரிப்பு. கேட்டவுடன் மனசு துள்ளுகிற யோசனை. துளையிடும் தொழிலிலிருந்த ரானி ஸ்டைவர் கண்டுபிடித்தார். விளம்பரத் துறையிலிருந்த ட்ரெவர் ஃபீல்ட் அதை எடுத்து வளர்த்தார். 2000-இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006-இல் நியூயார்க்கில் முன்னாள் அதிபர் கிளிண்டனின் அமைப்பு நடத்திய மேடையில், அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் முன்னிலையில், 1 கோடியே 64 லட்சம் டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. 2010-க்குள் பத்து ஆப்பிரிக்க நாடுகளில் 4,000 பம்புகள் என்பது இலக்கு.

ஒரு பம்புக்கு ஏறத்தாழ 14,000 டாலர் செலவு. அந்தப் பணத்தில் சாதாரணக் கைப்பம்புகள் பல வைக்கலாம். ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். 2009-இல் கார்டியன் நாளிதழில் வந்த ஒரு கணக்குப்படி, அதற்குக் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும். ஊரில் நடந்தது என்ன? குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு, வயதான பெண்கள் குனிந்து குனிந்து ராட்டினத்தைக் கையால் சுற்றினார்கள். வெட்கமாகவும் இருந்தது, இடுப்பும் வலித்தது. சில இடங்களில் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைப் பிடுங்கிவிட்டு இதை வைத்திருந்தார்கள். கிராமத்துக்குள் விளம்பரம் கொடுக்க எந்தக் கம்பெனி வரும்? பலகைகள் காலியாக நின்றன. பழுதானால் மாதக் கணக்கில் ஆள் வரவில்லை. 2010-இல், பெரும் பணம் கொடுத்தவர்களில் ஒன்றான கேஸ் அறக்கட்டளை, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று தானே பகிரங்கமாக எழுதியது. அந்த நேர்மை அபூர்வம். பெரிய தொடக்கப்பள்ளிகள் போன்ற சில இடங்களில் ப்ளேபம்ப் பயன்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடம் அறிந்து வைத்தால் பயன்படக்கூடிய ஒரு கருவியை, எங்கும் வைக்கக் கிளம்பியதுதான் வினை.

ஒரு டிசைன் திங்கிங் பயிலரங்கில் இரண்டையும் காட்டி ஓட்டெடுத்தால் ப்ளேபம்புக்குத்தான் கை உயரும். மகிழ்ச்சி இருக்கிறது, புதுமை இருக்கிறது, வருமான வழிகூட இருக்கிறது. இந்தியா மார்க் 2-இல் என்ன இருக்கிறது? ஒரு சங்கிலி, ஒரு பேரிங். ஆனால் அதில் சோதனை முதலில் வந்தது, பெரும் பணமும் எண்ணிக்கையும் பிறகு வந்தன. சோதனையில் தோற்றால் வடிவத்தை மாற்ற இடமிருந்தது. ப்ளேபம்பில் 4,000 என்ற எண் மேடையில் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன்பின் கிராமத்துப் பாட்டி என்ன சொன்னாலும் அது ஒரு குறிப்பாக ஃபைலில் சேருமே தவிர, பம்பை மாற்றாது.

இப்போது உங்கள் கழிப்பறைக்கு வருகிறேன்.

"ஏன் இவர்கள் பயன்படுத்துவதில்லை?" என்று தொடங்காதீர்கள். ஒரே ஊரில், அரசின் அதே 12,000 ரூபாய் மானியத்தில், அதே தண்ணீர்ப் பஞ்சத்தில், கழிப்பறையைப் பயன்படுத்தும் வீடுகளும் சில இருக்கும். முதலில் அங்கே போங்கள். இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி வியட்நாமில் இருக்கிறது. 1990-இன் கடைசியில் சேவ் தி சில்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்புக்காக ஜெர்ரி ஸ்டெர்னினும் மோனிக் ஸ்டெர்னினும் அங்கே போனார்கள். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைப் போக்க வழி காட்ட அரசு கொடுத்த அவகாசம் ஆறு மாதம். வெளியிலிருந்து சத்துமாவு கொண்டுவர நேரமுமில்லை, பணமுமில்லை. தான் ஹோவா மாகாணத்தில், பரம ஏழையாக இருந்தும் பிள்ளைகள் நன்றாக இருக்கும் வீடுகள் எவை என்று ஊர்க்காரர்களையே எடைபோட்டுத் தேடச் சொன்னார்கள். அந்த வீட்டு அம்மாக்கள் வயலில் கிடைக்கும் சின்ன இறாலையும் நண்டையும், சர்க்கரைவள்ளிக் கீரையையும் பிள்ளைகளின் சோற்றில் சேர்த்தார்கள். மற்றவர்கள் அதெல்லாம் சிறுபிள்ளைகளுக்கு ஆகாது என்று நினைத்திருந்தார்கள். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்தார்கள், கையைக் கழுவிவிட்டார்கள். இதைச் சொற்பொழிவாக்கவில்லை ஸ்டெர்னின் தம்பதி. அம்மாக்கள் கூடிச் சமைக்கும் ஏற்பாடு செய்தார்கள். வருகிறவர் ஒவ்வொருவரும் கையளவு இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வயலில் இறங்கித் தேடுவது அன்றாடப் பழக்கமாகிவிட்டது.

உங்கள் ஊரில் பயன்படுத்தும் வீடுகளில் என்ன வித்தியாசம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். "கழிப்பறை போகிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், உங்கள் கையில் பேடும் பேனாவும் இருந்தால் இன்னும் வேகமாக ஆமாம் என்பார்கள். கேட்காமல் பாருங்கள். குவளை ஈரமாக இருக்கிறதா, வாசலில் கால்தடம் படிந்திருக்கிறதா, தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு தூரம்? பிறகு வீட்டைக் கணக்கெடுக்காமல் ஆளைக் கணக்கெடுங்கள். மருமகள் போவார், மாமனார் ஏரிக்கரைக்குப் போவார். பகலில் காடு, இரவில் மட்டும் கழிப்பறை என்று இருப்பார்கள். மழைக்காலத்தில் ஒரு கணக்கு, கோடையில் இன்னொரு கணக்கு. தகரக் கூரை பன்னிரண்டு மணிக்கு அடுப்பாகிவிடும். மூட்டுவலி உள்ள பாட்டியால் அந்தக் குறுகிய இடத்தில் உட்கார்ந்து எழ முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. வெளியே போனால் ஒரு செம்புத் தண்ணீர் போதும். கழிப்பறைக்கு ஒரு வாளி வேண்டும், அந்த வாளியைச் சுமப்பது அந்த வீட்டுப் பெண். கழிப்பறை அவளுக்குக் கௌரவம் தரும் என்று சுவரில் எழுதுகிறோம். அவள் கணக்கில் அது இன்னும் இரண்டு குடம்.

இதோடு, வாய்விட்டு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. குழி நிறைந்தால் யார் எடுப்பது? பல வீடுகளில் கழிப்பறையை மிச்சம் பிடித்துப் பயன்படுத்துவதற்கும், குழியைக் கிணறுபோல் ஆழமாகத் தோண்டச் சொல்லி அடம்பிடிப்பதற்கும் பின்னால் இந்தக் கேள்விதான் நிற்கிறது. இது சாதி சம்பந்தப்பட்ட கேள்வி, ஊர்க்கூட்டத்தில் வராது. அரசு பரிந்துரைக்கும் இரட்டைக் குழி முறையில் ஒரு குழி நிறைய ஒரு குடும்பத்துக்கு ஐந்தாண்டுபோல ஆகும். அதை மூடிவிட்டு மறு குழிக்கு மாற்றினால், முதல் குழியில் இருப்பது ஒன்றிரண்டு ஆண்டில் மக்கி, நாற்றமில்லாத உரமாகிவிடும். இதைத் துண்டறிக்கையில் படித்து யாரும் நம்பமாட்டார்கள். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் பகுதியில், கங்காதேவிப்பள்ளி என்ற ஊரில், மத்திய அரசின் குடிநீர், துப்புரவு அமைச்சகச் செயலராக இருந்த பரமேஸ்வரன் ஐயரே அதிகாரிகளோடு குழிக்குள் இறங்கி, மக்கிய உரத்தைக் கையால் அள்ளிக் காட்டினார். அதை நான் ஒரு நல்ல மாதிரிச் சோதனையாகவே பார்க்கிறேன். உங்கள் ஊர்களில் மூடிவைத்து ஆண்டுகள் ஆன ஒரு குழி இருந்தால், அந்த வீட்டுக்காரர் சம்மதத்தோடு, பயிற்சி பெற்றவர்களை வைத்துப் பலர் பார்க்கத் திறந்து காட்டுங்கள். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: அள்ளுவது அந்த வீட்டுக்காரராகவோ உங்கள் ஊழியராகவோ இருக்கட்டும். காலனியிலிருந்து ஒருவரைக் கூலிக்கு அழைத்து வந்து அள்ளவைத்தால், நீங்கள் உடைக்க நினைத்ததை நீங்களே உறுதிப்படுத்திவிட்டீர்கள்.

பேசுவதிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். சுய உதவிக் குழுத் தலைவியிடம் கேட்டால் குழுவின் பதில் கிடைக்கும், தலைவியின் ஓரகத்தியின் பதில் கிடைக்காது. ஊரையும் காலனியையும் ஒரே மரத்தடியில் உட்காரவைத்து "கருத்துக் கேட்பு" நடத்தினால் ஒரு பக்கம் மட்டும் பேசும். பெண்களிடம் பெண் ஊழியர் தனியாக, அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பேச வேண்டும். நிறுவனத்தின் வண்டியைத் தெருவுக்குள் கொண்டுபோகாதீர்கள். வண்டியைப் பார்த்ததுமே, என்ன சொன்னால் என்ன திட்டம் கிடைக்கும் என்ற கணக்கு தொடங்கிவிடும். அதில் அவர்கள் தவறும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக நாம் பழக்கிவைத்தது அது. டிசைன் திங்கிங் பாடப்புத்தகங்கள் இந்த இடத்தை "பரிவு" என்ற ஒரு சொல்லில் தாண்டிப்போய்விடுகின்றன. நம் ஊரில் யார் யாரோடு உட்கார்ந்து பேசலாம் என்பதே பாதிப் பிரச்சினை.

இப்படிப் பார்த்துக்கொண்டே போகும்போது கேள்வியே இடம் மாறிவிடும். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலருக்கு 2007-இல், குறைந்த விலையில் இன்குபேட்டர் வடிவமைப்பது வகுப்பு வேலையாகக் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் காத்மாண்டு மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தால், இருக்கிற இன்குபேட்டர்களே காலியாகக் கிடந்தன. குறைப்பிரசவக் குழந்தைகள் மலைக்கிராமங்களில் பிறந்து, மருத்துவமனையை எட்டாமலே இறந்துகொண்டிருந்தன. எனவே மலிவான இன்குபேட்டர் என்ற கேள்வியை விட்டுவிட்டு, கிராமத்துத் தாய் தன் வீட்டிலேயே குழந்தையைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்று மாற்றிக்கொண்டார்கள். தூங்கும் பை போன்ற எம்பிரேஸ் வெப்ப உறை அதிலிருந்து வந்தது. மாணவர்கள் என்பதால் கேள்வியை மாற்ற முடிந்தது. வாத்தியார் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. "இன்குபேட்டர் 50, கொள்முதல் மார்ச்சுக்குள்" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒரு தொண்டு நிறுவனம் அங்கே போயிருந்தால்?

இங்கேதான் பணத்தின் கதை வருகிறது. உங்களைப் போன்ற நிறுவனங்களில் யோசனைக்குப் பஞ்சம் இருப்பதாக நான் ஒருபோதும் பார்த்ததில்லை. பத்து வருடம் களத்தில் இருக்கும் ஓர் ஊழியருக்கு, ஏன் விறகு அடுக்குகிறார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். அவர் சொல்வதை நுழைக்க விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. விண்ணப்பம் எழுதும்போதே எத்தனை அலகு, எந்த மாதம், எவ்வளவு என்று முடிவாகிவிடுகிறது. கவனித்து அறிவது என்பது பணம் வந்த பிறகு, அந்த எண்களை நிறைவேற்றிக்கொண்டே பக்கத்தில் செய்ய வேண்டிய வேலையாகிவிடுகிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆர். பணிகளுக்குச் செலவிட வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் எல்லாருக்கும் மார்ச் அவசரம். கழிப்பறை கட்டினால் போட்டோ எடுக்கலாம்; மூன்று மாதம் கவனித்தோம் என்பதற்கு எதைப் போட்டோ எடுப்பது?

வெளிநாட்டு நிதி வாங்குகிறவர்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம் இன்னும் இறுக்கிவிட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. ஒரு நிறுவனம் பெற்ற பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதும் தடைப்பட்டது. பெரிய நிறுவனங்களிடமிருந்து சிறு தொகை வாங்கி எதையாவது புதிதாகச் செய்துபார்த்த ஊர்ப்புறச் சிறு அமைப்புகளுக்கு அந்த வாசல் மூடிவிட்டது. புதுமை வேண்டும் என்று மேடையில் பேசுகிற நாட்டில் இது எப்படி ஒத்துப்போகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் சி.எஸ்.ஆர். விதிகளில் உங்களுக்குச் சாதகமான ஓரிடம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. 2021 ஜனவரித் திருத்தத்தில், கம்பெனியின் நிர்வாக மேற்செலவு அதன் மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வந்தது. அந்த மேற்செலவுக்கு விளக்கம் கொடுக்கும்போது, ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைப்பதற்கும் செயல்படுத்துவதற்கும் கண்காணிப்பதற்கும் மதிப்பிடுவதற்கும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. அதாவது வடிவமைப்புக் கட்டத்தின் செலவு திட்டச் செலவுதான். அதோடு, பல ஆண்டு ஓடும் திட்டம் என்று முன்கூட்டியே வகைப்படுத்தினால், அந்த ஆண்டில் செலவாகாத பணத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். மார்ச் அவசரத்துக்கு அதுவே மருந்து. அதிகாரியிடம் புதுமை பற்றி வாதாடுவதைவிட இந்த இரண்டு விதிகளையும் அச்செடுத்துக்கொண்டு போவது பலன் தரும். அவரும் தன் ஆடிட்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

விண்ணப்பத்தை இரண்டு கட்டமாக எழுதுங்கள். முதல் கட்டம் சில மாதம். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்குள். அதில் நீங்கள் தருவதாகச் சொல்வது கட்டடமல்ல, செய்துபார்த்த சில மாதிரிகளின் முடிவு: கைப்பிடிக் கம்பி வைத்தது, வாசலைத் தெருப்பக்கமிருந்து திருப்பியது, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கட்டியது, குழியைத் திறந்து காட்டியது. இரண்டாம் கட்டத்தின் மொத்தத் தொகை நிற்கட்டும். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்பது முதல் கட்ட முடிவைப் பார்த்து இரு தரப்பும் எழுதிக்கொள்வது என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்காகச் சண்டை போடலாம்; மற்றதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம். அளவுகோலையும் "கட்டிய கழிப்பறைகள்" என்பதிலிருந்து "ஐந்து பேர் உள்ள வீட்டில் எத்தனை பேர்" என்று மாற்றுங்கள். எண்ணிக்கை குறைந்து தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த முறையே பொருந்தாத இடங்களும் உண்டு. பஞ்சாயத்துக் குழாயில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்றால், அங்கே வடிவமைப்பதற்கு எதுவுமில்லை. கேட்டு வாங்க வேண்டியதுதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அவற்றில் ஒன்று. மானியத் தவணை வராமல் பாதியில் நிற்கும் சுவருக்கும், பட்டா இல்லாததால் மானியமே கிடைக்காத குடும்பத்துக்கும் இது பொருந்தும். உரிமையைப் புதுமையால் ஈடுகட்டச் சொல்லும் அழைப்பு வந்தால், அழகாக மறுத்துவிடுங்கள். கம்பெனிகளுக்கு டிசைன் திங்கிங் பிடித்துப்போனதற்கு, அதில் யாரோடும் மோத வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

பயிற்சி விஷயத்துக்கு: போவதாக ஒப்புக்கொள்ளுங்கள், ஒரு நிபந்தனையோடு. ஒரு நாள் ஓட்டலில், மறுநாள் உங்கள் கிராமத்தில். பயிற்றுநர் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வந்தால் பார்க்க வேண்டியதெல்லாம் முடிந்திருக்கும். அனுப்புவது இயக்குநரையும் கணக்காளரையும் அல்ல, களத்தில் நடக்கிற பெண் ஊழியர்களை. முடிந்தால் அந்த சி.எஸ்.ஆர். அதிகாரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாம் கட்டத்து வரியில் கையெழுத்துப் போடப்போவது அவர்தான். இதற்கெல்லாம் மறுத்தால் ஓட்டலுக்கு ஒரே ஒருவரை அனுப்பிவிட்டு, மற்றவர்கள் அந்த இரண்டு நாளும் பயன்படுத்துகிற வீடுகளைத் தேடிப் போகட்டும்.